ஊருக்கு உதவும் பிள்ளைகளை வளர்த்தல்: நெல்லைச் சீமைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க அக்கம்பக்கத்தார் விடுவதில்லை. காப்பி போட்டுக் கொண்டுவருவது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பாய் விரிப்பது, பந்தலுக்கு ஆள் பிடிப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே நடந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொள்ள, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு, தங்கள் வீடுகளும் மழையில் தத்தளித்த நிலையிலும், பக்கத்துப் புதுக்குடி மக்கள் சோறு பொங்கிப் போட்டார்கள்.

ஆகவே உதவும் குணம் நமக்குப் புதியது என்று எண்ண வேண்டியதில்லை. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. பெருந்துயரின்போது பொங்கி வரும் இரக்கம் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒரு வேலையாக நிலைப்பதில்லை என்பது ஒன்று. அந்த இரக்கம் பெரும்பாலும் ‘நம்ம ஆளுக’ என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது என்பது மற்றொன்று. பிள்ளை வளர்ப்பில் இந்த இரண்டையும் எப்படிச் சரிசெய்வது என்பதையே வயது வாரியாக இங்கே சொல்கிறேன். இரண்டாவது குறை பேசுவதற்குச் சங்கடமானது என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: சிறு கைகளை விரட்டாதிருத்தல் (2 முதல் 5 வயது வரை)

உதவி செய்யும் விருப்பத்தைக் குழந்தைக்கு நாம் ஊட்ட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள்கூட, முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை எடுக்க முடியாமல் தவிப்பதைக் கண்டு, யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: உதவியதற்காகப் பொம்மை பெற்ற இருபது மாதக் குழந்தைகள், ஒன்றும் பெறாத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகவே உதவினார்கள்.

இதிலிருந்து வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டுதான். கீரை ஆயும்போது பக்கத்தில் வந்து உட்காரும் குழந்தையை ‘போய் விளையாடு’ என்று அனுப்பாதீர்கள். தண்டும் இலையும் கலந்துதான் வரும், வேலை இரட்டிப்பாகும், பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் எரிச்சலும் வரும். அதனால் காலை நேரத்தில் வேண்டாம், மாலையில் உட்காரவையுங்கள். இரண்டாவது, செய்த வேலைக்கு மிட்டாயோ காசோ கொடுக்காதீர்கள். ‘சமர்த்து’ என்ற பட்டத்தைக்கூட அளவாகவே வழங்கலாம். அதைவிட, நடந்ததைச் சொல்லுங்கள்: ‘நீ வெங்காயம் உரிச்சதால ஆச்சிக்குக் குனியாம வேலை முடிஞ்சுது.’ தன் கை இன்னொருவரின் முதுகுவலியைக் குறைத்தது என்று குழந்தைக்குத் தெரிந்தால் அந்த வயதுக்கு அது போதும்.

இரண்டாம் படி: ஒருவர் நம்பியிருக்கும் ஒரு வேலை (6 முதல் 9 வயது வரை)

‘வீட்டு வேலையில் உதவ வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ஒரே ஒரு வேலையைக் கொடுத்து, அதைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அது செய்யாவிட்டால் யாராவது சிரமப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களைக் கழுவி வரிசையாக வைப்பது, தாத்தாவுக்கு நாளிதழை எடுத்துக் கொடுத்துக் கண்ணாடியையும் தேடித் தருவது, மாட்டுக்குக் கழுநீர் வைப்பது, மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் மாற்றுவது என எதுவாகவும் இருக்கலாம். மருந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை மட்டும் இந்த வயதில் ஒப்படைக்க வேண்டாம். ‘தாத்தா, சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்கும் பொறுப்பு போதுமானது.

வேலையைப் பிள்ளை மறக்கும் நாள் கட்டாயம் வரும். அன்று தாய் ஓசைப்படாமல் அதைச் செய்து முடித்துவிட்டால், பிள்ளை கற்றுக்கொள்வது, நான் செய்யாவிட்டாலும் அது நடந்துவிடும் என்பதைத்தான். திட்டுவதாலும் பயனில்லை. குடம் கழுவப்படாததால் தண்ணீர் பிடிக்க முடியாமல் போனால், அன்று மாலை அடிபம்புக்குப் பிள்ளையும் கூடவே வரட்டும். கோபமில்லாமல் கூட்டிப்போவதுதான் முக்கியம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் மகள் வாரியலை எடுக்கும் வயதில் மகன் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். ‘ஆம்பளப் பிள்ளை, அவன் எதுக்கு?’ என்று முதலில் தடுப்பவர் பெரும்பாலும் ஆச்சியாகவே இருக்கிறார். சொந்த அக்காளின் களைப்பைக் காணப் பழகாதவன் ஊராரின் களைப்பைக் காண்பான் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. சாப்பிட்ட தட்டை அங்கணத்தில் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்ப்பது வீட்டில் உள்ள ஆண்கள் அனைவருக்கும், அப்பாவுக்கும் சேர்த்து, ஒரே விதியாக இருக்கட்டும். தைப் பொங்கலை ஒட்டிப் பெண்பிள்ளைகள் முற்றத்தில் சிறுவீடு கட்டிப் பொங்கும் சிறுவீட்டுப் பொங்கலில் தம்பிமாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுப்பு மூட்டவும், பொங்கியதைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் அவர்கள் பழகுவார்கள்.

மூன்றாம் படி: தூக்குவாளியோடு பக்கத்து வீட்டுக்கு (8 வயது முதல்)

பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட, தனியே இருக்கும் முதியவர்கள் இல்லாத தெருவோ வளவோ இன்று நெல்லையில் அரிது. வாரத்தில் ஒரு நாள், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு உங்கள் வீட்டுக் குழம்பையோ ரசத்தையோ பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். இது எளிய காரியமாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு முழுப் பயிற்சி அடங்கியிருப்பதால் நுணுக்கமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நீங்களே போய், அந்த ஆச்சிக்கு என்ன ஒத்துக்கொள்ளும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா, அனுப்பினால் சங்கடப்படுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் உணவு அன்று உங்கள் வீட்டில் முதலில் எடுத்துவைத்ததாக இருக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தைக் கொடுத்தனுப்பினால் தானம் என்பது மிச்சத்தைத் தள்ளிவிடுவது என்றே பிள்ளை புரிந்துகொள்ளும். தூக்குவாளியின் மூடியை இறுக்கி, வழியில் ஆட்டாமல் நடக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று ‘ஆச்சி’ என்று குரல் கொடுத்து, அவர்கள் எழுந்து வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்குக் கட்டிலிலிருந்து வாசலுக்கு வர நேரமாகும் என்பதைப் பிள்ளை அங்கே நின்றுதான் அறிந்துகொள்ளும். இரண்டு கையாலும் கொடுத்து, ‘அம்மா கொடுத்துவிட்டாங்க, உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லச் சொன்னாங்க’ என்று சொன்னால், பெறுகிறவருக்குக் கூச்சம் குறையும். ஒரு கருத்தைச் சொல்லும் மரியாதையும் அவருக்குக் கிடைக்கும்.

பாத்திரம் திரும்பி வரும்போது அதில் இரண்டு முருங்கைக்காயோ ஒரு துண்டு கருப்பட்டியோ இருக்கும்; வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்பது நம் பெரியவர்களின் வழக்கம். அதை ‘வேண்டாம் ஆச்சி’ என்று மறுக்கக் கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். கொடுக்க மட்டுமே தெரிந்து வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்களிடம் ஒரு மேட்டிமை வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த வேலையைக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள், உறவினர் குழுவில் போடாதீர்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பது உங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே போகாமலிருப்பது அந்த ஆச்சிக்குச் செய்யும் உதவியில் பாதி.

நான்காம் படி: வட்டத்தை விரித்தல்

நெல்லையில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி எழுதாமல் விட்டால் அது பாதி வழிகாட்டியே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் காயமடைந்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. கயிற்றைப் பள்ளிக்கூடம் அவிழ்க்கலாம். அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வீட்டிலும் தெருமுனையிலும்தான் வளர்கிறது. வெட்டியவர்களும் யாரோ பெற்று வளர்த்த பிள்ளைகள்தான்.

எனவே முதலில் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். மகன் புதிய நண்பனின் பெயரைச் சொன்னவுடன் ‘எந்தத் தெரு?’ என்று நாம் கேட்கிறோம். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்; விடை சொன்னபின் அம்மாவின் முகம் மாறுகிறதா என்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, ‘நல்லா விளையாடுவானா? சனிக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா’ என்று சொல்லிப் பழகுங்கள். வரும் நண்பனுக்கும் வீட்டாருக்கும் ஒரே தட்டு, ஒரே தம்ளர், ஒரே இடம். பிறகு அந்த நண்பன் வீட்டுக்கு உங்கள் பிள்ளை போய்ச் சாப்பிடவும் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தடை இந்த இரண்டாவது பாதியில்தான் வருகிறது: நம் வீட்டில் பரிமாறுவதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொள்பவர்கள், அவர்கள் வீட்டில் கைநனைப்பதற்கு ஏதாவது சாக்குத் தேடுவார்கள்.

அடுத்தது அழைக்கும் முறை. தெருக்கூட்டும் பணியாளர், சலவைத் தொழிலாளி, வயலில் வேலைக்கு வருபவர் ஆகியோரை, வயதில் தாத்தாவுக்கு ஒத்தவராயினும், பேர் சொல்லியும் ‘வா, போ’ என்றும் பிள்ளைகள் அழைப்பதை இன்றும் சில வீடுகளில் கேட்கலாம். கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் அதே நாக்கு இவர்களையும் அண்ணாச்சி, அக்கா, தாத்தா, ஆச்சி என்று அழைக்கட்டும். நீங்கள் அழைத்தால் பிள்ளையும் அழைக்கும். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மாடத்தில் தனியாக ஒரு தம்ளர் இருக்குமானால், இந்தக் கட்டுரையின் மற்றப் படிகளைத் தொடங்கும் முன் அதை அப்புறப்படுத்துங்கள்.

பிள்ளை கயிறு கட்டிக்கொண்டு வந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். யார் கொடுத்தது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய் எனப் பொறுமையாக விசாரியுங்கள். பல பிள்ளைகள் தனித்துவிடப்படுவோம் என்ற பயத்தில்தான் கட்டுகின்றன. மிரட்டல் இருந்தால் வகுப்பாசிரியரிடம் பெற்றோர் நேரில் போய்ப் பேச வேண்டும்; அதைப் பிள்ளையின் தலையில் போடக் கூடாது. வேறு பிள்ளையை யாராவது கேலி செய்யும்போது உங்கள் பிள்ளை சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மதியம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தால் போதும். அதற்கு வேண்டிய துணிச்சலே பெரிது.

மதம் கடந்த பழக்கத்துக்கு நம் மண் வாய்ப்பு நிறையக் கொடுத்திருக்கிறது. பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு எல்லா மதத்தாரும் போய் வருகிறார்கள். நோன்புக் கஞ்சியும், கிறிஸ்துமஸ் பலகாரமும், கொடை விழாப் பொங்கலும் வீடு மாறும் தெருக்கள் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்தை ஒட்டியும் இன்றும் உண்டு. கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஆறும் குளமும் பொதுச்சொத்து என்று உணர்த்துதல் (10 வயது முதல்)

நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்துக்கு, நீர் நிறைந்திருக்கும் மாதங்களில், பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் வாசலில் விழுந்தாலும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. பொறுப்பு என்பதற்குச் சிறிது அசௌகரியத்தை விரும்பி ஏற்க வேண்டியிருக்கும் என்பதை நூறு அறிவுரைகளால் சொல்வதைவிட, வெடிக்காத ஒரு தீபாவளியைப் பற்றி அந்த ஊர்ப் பிள்ளைகளிடமே பேசவைத்தால் எளிதில் விளங்கும்.

திரும்பி வந்தபின் உங்கள் ஊரில் செய்ய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பனம்பழம் உதிரும் ஆவணி, புரட்டாசியில் விதைகளைப் பொறுக்கிவைத்து, மழைக்கு முன் குளக்கரையில் ஊன்றலாம். கரை நீர்வளத்துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது முறை. பனை பாளை விடப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் பிள்ளை படித்து முடித்து வேறெங்கோ போயிருக்கும். தனக்குப் பயன் தராத ஒன்றை நடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. தாமிரபரணியைப் பொறுத்தவரை, படித்துறையைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதைக் காட்டிலும், பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தை நம் குடும்பம் நிறுத்திக்கொள்வது பெரிய காரியம். அந்த முடிவைப் பிள்ளைகள் முன்னிலையில், பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் பேசி எடுங்கள்.

ஆறாம் படி: திறமையைக் கொடுத்தல் (13 வயது முதல்)

பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகளை வரிசையில் உட்காரவைத்துக் கேக் வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பெறுகிறவர்கள் காட்சிப்பொருளாகிவிடுகிறார்கள். கொடுக்கிற பிள்ளைக்கும் அரை மணி நேரப் பெருமைக்கு மேல் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வளர்ந்த பிள்ளையிடம் படிப்பும் நேரமும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டைக் கடந்த பள்ளிகள் உள்ளன. அவற்றின் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பது, தேர்வில் சொல்வதை எழுதுபவராக இருக்க விதிமுறைப்படி தகுதி உண்டா என்று கேட்டறிவது போன்றவற்றைச் செய்யலாம். சொல்வதை எழுதும்போது விடை தவறென்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. அங்கே நேர்மையும் உதவியும் ஒன்றாகவே கற்பிக்கப்படுகின்றன.

பக்கத்திலேயே வேறு வேலையும் உண்டு. வங்கியில் சலான் எழுத ஆள் தேடி நிற்கும் பெரியவர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எந்த வார்டு எங்கே என்று தெரியாமல் சீட்டோடு நிற்கும் கிராமத்துக்காரர்கள் ஆகியோருக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை பெரிய துணை. இரகசிய எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் கேட்கவும் கூடாது, அவர்களே சொல்ல வந்தாலும் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லி அனுப்புங்கள். பள்ளியில் சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சேரட்டும்; சான்றிதழுக்காகச் சேர்ந்தாலும் குற்றமில்லை, வேலை செய்யச் செய்ய நோக்கம் மாறலாம்.

ஏழாம் படி: உதவியின் எல்லையைக் கற்பித்தல்

இரக்கமுள்ள பிள்ளைதான் ஆபத்தில் முதலில் குதிக்கும். ஆற்றங்கரை ஊர்களில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்: தண்ணீரில் யாராவது தத்தளித்தால், நீச்சல் தெரிந்த பிள்ளையாயினும் தான் இறங்கக் கூடாது. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை அமுக்கிப் பிடிப்பார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவார். முதலில் உரக்கக் கத்தி ஆள் கூப்பிட வேண்டும். பிறகு கரையில் குப்புறப் படுத்தோ, படியில் ஒருவர் இன்னொருவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டோ, வேட்டியையோ சாரத்தையோ முறுக்கி ஒரு முனையை வீசலாம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் குடம் இருந்தால் அதையும் வீசலாம், அது மிதக்கும். இதை ஒரு விடுமுறை நாளில், முற்றத்தில், அண்ணன் தம்பியை வைத்து ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விபத்தைக் கண்டால் 108க்கு அழைத்து, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். அந்தத் தெளிவு பயிற்சியில்லாமல் வராது.

உதவி கேட்கிற பெரியவர் எவராயினும், தனியிடத்துக்கு வரச் சொன்னாலோ, ‘வீட்டில் சொல்லாதே’ என்றாலோ, மறுத்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அவ்வாறு மறுப்பது மரியாதைக் குறைவாகாது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

எட்டாம் படி: ஏமாற்றத்தையும் சலிப்பையும் கையாளுதல்

மருந்து வாங்கக் காசு கேட்டவர் அடுத்த கடையில் நின்று புகைப்பதை ஒருநாள் பிள்ளை பார்த்துவிடும். ‘இதுக்குத்தான் யாருக்கும் கொடுக்காதேன்னு சொன்னேன்’ என்று நாம் சொன்னால் அதோடு அந்தக் கை மூடிக்கொள்ளும். அடுத்த முறை காசாகக் கொடுக்காமல் மருந்தையே வாங்கிக் கொடுப்பது போன்ற வழியைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள். பதினான்கு, பதினைந்து வயதில் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி அறைக்குள் இருக்கும் காலம் வரும். அப்போது புதிய வேலைகளைச் சுமத்தாமல், முன்பே அதன் பெயரில் இருக்கும் ஒரு வேலையை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லி அந்த ஒன்றையும் நாமே ரத்து செய்துவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. குடம் கழுவுவதற்குப் பத்து நிமிடம். அதனால் மதிப்பெண் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பதினாறு வயதில் ஒரு பொதுவேலையை முழுமையாகக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தல் அதற்கு ஏற்றது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுப்பதும் அத்தகையதே. பானை எங்கே வாங்குவது, தண்ணீரைக் கொதிக்கவைப்பதா, கேன் வாங்குவதா, தம்ளரைக் கழுவும் முறை யாருடையது, வெயில் உச்சியில் யார் நிற்பது என்பதையெல்லாம் நண்பர்கள் கூடி முடிவுசெய்யட்டும். இரண்டே நிபந்தனைகளை மட்டும் நீங்கள் வையுங்கள்: பந்தலுக்கு வருகிற எவரிடமும் ஊரும் தெருவும் கேட்கக் கூடாது; வசூலித்த பணத்துக்கும் செலவுக்கும் ஒரு நோட்டில் கணக்கெழுதி, கொடுத்தவர்கள் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். மூன்றாம் நாள் ஆள் வராமல் பந்தல் வெறுமையாக நிற்கக்கூடும். அப்போதும் நீங்கள் போய் நிற்காமல், யாருடைய முறை அது என்று மட்டும் கேளுங்கள்.